கழனித் தண்ணிக் கலர்

மேட்டுத்தெரு,
20.1.2025

அன்புள்ள சுதாவுக்கு,

அண்ணி எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் அண்ணாவும் கீதாவும் சுகமாக இருக்கிறீர்களா? நாக்பூரில் குளிர் அதிகம் என்று டிவியில் எழுத்து ஓடியது. கீதாவைக் காதை மூடிக்கொண்டு காலேஜுக்குப் போகச் சொல்.

பொங்கலன்று நீ போன் செய்தாய் போலிருக்கிறது. போனில் வெளிச்சம் வந்து வந்து அணைந்ததைப் பார்த்தேன். எடுத்து என்ன செய்ய? போன வருஷம் வரை நீ பேசுவது சோளம் பொரிகிற மாதிரியாவது கேட்டது. இப்போது அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷின் என்னைவிடக் கிழவி, அது பாட்டுக்கு இரைகிறது. இந்தப் பட்டன் போனில் எழுத்து அடிக்கவும் எனக்கு வரவில்லை. தபால்காரர் இருக்கும்வரை நமக்கென்ன கவலை.

ஒரு சேதி. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன். உன் அண்ணன் அடித்த கிளிப்பச்சை மழையில் ஊறித் தோல் உரிகிறது. கூடத்தில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வெளிர் நிறமாக, கண்ணை உறுத்தாததாக ஒன்று அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

அவரைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? காஞ்சிபுரம் பஸ் ஏறிப் போனவர், இந்தத் தையோடு ஆறு வருஷம் முடிந்துவிட்டது. ஏன் போனார் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல உன்னைத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
பாஞ்சாலி


நாக்பூர்,
6.2.2025

என் பிரியமான அண்ணிக்கு,

சுதா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். முட்டிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேயுங்கள்.

பெயிண்ட் விஷயத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பச்சை அண்ணன் தன் கையால் அடித்தது. ஏணியில் நின்று அடித்து, மீசையெல்லாம் பச்சையாகி, நீங்கள் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அதை எப்படி அண்ணி அழிக்க மனம் வருகிறது? அண்ணன் வந்து தெருமுனையில் நின்றால் வீடு அடையாளம் தெரிய வேண்டாமா?

அடித்தே ஆக வேண்டும் என்றால் அதே பச்சையை அடியுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள், ரோஜா என்று மங்கலமாக ஏதாவது அடியுங்கள். வெளிர் நிறம் நம் வீட்டுக்கு ஆகாது. காரணம் உங்களுக்கே தெரியும்.

அண்ணனைப் பற்றி இவர் வார்தா ஸ்டேஷன் பக்கம் விசாரித்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வருவார் அண்ணி. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

உங்கள் நாத்தனார்,
சுதா


மேட்டுத்தெரு,
23.2.2025

அன்புள்ள சுதாவுக்கு,

தைலம் வந்தது. முட்டி பரவாயில்லை, மூக்குதான் எரிகிறது. பாண்டுரங்கன் அண்ணாவுக்கு என் நன்றியைச் சொல். கீதாவுக்குப் பரீட்சை எப்போது?

பெயிண்டர் ஜெகனை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் கடைக்குப் போய் வந்தேன். விசிறி மாதிரி ஒரு அட்டையை விரித்துக் காட்டினார்கள். வெள்ளை வெள்ளையாகவே அதில் எத்தனை வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர். வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்து ஒன்றை எடுத்தேன். வெள்ளையும் இல்லை, சந்தனமும் இல்லை. மோரில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டு எல்லம்மாள் நான் கடையிலிருந்து கொண்டுவந்த துண்டு அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என் இடது காதில் வாய் வைத்துக் கத்தினாள். "இன்னாடி இது, கழனித் தண்ணி கலர்ல கீது? ஊரே ஆரஞ்சும் ஊதாவுமா அடிச்சிக்கினு கீது, உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு?" அரிசி கழுவிய தண்ணீரையாவது மாடு குடிக்கும், இது எதற்கு என்றாள். தெருவில் இப்போது இதற்கு இதுதான் பெயர்.

ஜெகனுக்கும் இஷ்டமில்லை. வெளிர் நிறம் ஒரே மாசத்தில் கைபட்டு அழுக்காகிவிடுமாம். ஆகட்டும் என்றேன்.

உன் அண்ணனுக்கு வீடு அடையாளம் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். சுவரையா கட்டிக்கொண்டார்? வாசலில் நான் நின்றால் தெரியாதா? அவரைப் பற்றி வேறு எங்கேயாவது விசாரிக்கச் சொல்.

அன்புடன்,
பாஞ்சாலி


நாக்பூர்,
12.3.2025

அண்ணிக்கு,

நலம். கீதாவுக்கு அடுத்த மாதம் பரீட்சை.

நேராகவே கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அண்ணன் இனி வரமாட்டார் என்று முடிவுகட்டிவிட்டீர்களா? பொங்கல் முடிந்துவிட்டது. வீட்டில் கல்யாணமில்லை, காதுகுத்தில்லை. இந்த நேரத்தில் நம் பக்கத்தில் யார் வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? சாவு விழுந்த வீட்டில் கருமாதிக்கு முன்னால் அடிப்பார்கள். நீங்கள் அப்படி நினைத்துத்தான் செய்கிறீர்கள் என்றால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் அவருக்குத் தங்கை.

ஆறு வருஷமாக நாம் இரண்டு பேர்தான் அவரை உயிரோடு வைத்திருக்கிறோம். நீங்களும் கைவிட்டால் நான் யாருக்கு எழுதுவேன்?

சுதா


மேட்டுத்தெரு,
30.3.2025

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கோபம் வந்து சேர்ந்தது. நல்லது, கோபப்படுகிற அளவுக்கு உடம்பு திடமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நானும் சுகம்தான்.

சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். நீ இப்படிக் கேட்டபிறகு சொல்கிறேன். கார்த்திகை மாசம் என் தம்பி வேதகிரி புள்ளலூரிலிருந்து வந்திருக்கிறான். வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறான். நான் கூடத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் கத்திவிட்டு, அக்கா வேண்டுமென்றே திரும்பவில்லை என்று ரோஷப்பட்டுப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து எல்லம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வேதகிரி கோபம் தணிந்து மறுபடி வந்தான். உன் அண்ணன் அப்படி வந்து நின்றால்? எனக்குக் காது போனது அவருக்குத் தெரியாது. போகும்போது நன்றாகக் கேட்டது. வாசலில் நின்று "பாஞ்சாலி" என்று கூப்பிடுவார். நான் திரும்பமாட்டேன். வேண்டாம் என்கிறாள் போல என்று அப்படியே திரும்பிப் போய்விடுவார். அவர் ரோஷம் உனக்குத் தெரியாததா? அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை சுதா.

நம் வாசல் மேற்குப் பார்த்தது. சாயந்திர வெயிலில் யார் வந்து நின்றாலும் நிழல் கூடத்துச் சுவரில் விழும். கிளிப்பச்சையில் அது தெரிவதில்லை. வெளிர்ச் சுவரில் தெரியும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் தெரியும். அதற்குத்தான் இந்தக் கழனித் தண்ணி. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உள்ளே அடித்து முடித்தாகிவிட்டது. நேற்று ஜெகன் வாசலில் நின்று கையை ஆட்டினான். முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். விரல் விரலாகத் தெரிந்தது. வெளியே இனிமேல்தான்.

அன்புடன்,
பாஞ்சாலி


மேட்டுத்தெரு,
20.4.2025

அன்புள்ள சுதாவுக்கு,

நீ சுகம்தானே? உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் நெஞ்சு ஆறாது.

வெளிச்சுவரில் பச்சை எத்தனை முறை அடித்தாலும் எட்டிப்பார்க்கும் என்று ஜெகன் முதலில் பிரைமர் அடித்தான். அது பால் மாதிரி வெறும் வெள்ளை. அடித்துவிட்டு, மாமியார் ஊரில் திருவிழா என்று பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வீடு மொட்டை வெள்ளையாக நின்றது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் சாயந்திரம் சுவரில் நிழல் விழுந்தது. ஒன்றல்ல, கும்பலாக. திரும்பிப் பார்த்தால் தெருப் பெண்கள் எல்லாரும் தலையை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று பதறி எழுந்தேன். எல்லம்மாள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அழுவது என் தோளில் குலுங்கியது, காதில் விழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வேதகிரி வந்தான். கையில் கோடிப் புடவை. பிறந்த வீட்டுக் கோடி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் யாருக்காக அழுகிறார்கள் என்று விளங்கியது.

சேதி வந்து நான் கமுக்கமாகக் காரியம் செய்கிறேன், அதற்குத்தான் வெள்ளை அடித்திருக்கிறேன் என்று அவர்களாகவே முடிவுசெய்திருக்கிறார்கள். யாரோ புள்ளலூருக்கும் போன் செய்திருக்கிறார்கள்.

என் வாயில் வராத பேச்சு வந்தது சுதா. புடவையைத் தெருவில் வீசினேன். "உயிரோட கீற மனுசனுக்கு ஒப்பாரி வைக்கிறீங்களே, உங்க வூட்ல சாவு விழ. இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் போய்விட்டார்கள். வேதகிரி புடவையைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஜெகன் வந்து வெளியே கலர் அடித்துவிட்டான். எல்லம்மாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போகட்டும்.

அன்புடன்,
பாஞ்சாலி


நாக்பூர்,
8.5.2025

என் ஆசை அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிழல் விஷயத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவரிடம் படித்துக் காட்டினேன், இவரும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் உங்களை என்னவெல்லாம் கேட்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

அவர்களைத் துரத்தியது சரிதான் அண்ணி. நான் இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். நாம் இரண்டு பேர் நம்பினால் போதும், ஊர் நம்ப வேண்டியதில்லை. எல்லம்மாள் எத்தனை நாளைக்கு முறுக்கிக்கொண்டு இருப்பாள், உப்பு தீர்ந்தால் வருவாள்.

ஆடியில் கீதாவைக் கூட்டிக்கொண்டு நிச்சயம் வருகிறேன். வாசலில் நின்று நானும் கையை ஆட்டிப் பார்க்க வேண்டும். முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெளியே போகாதீர்கள்.

அண்ணனைப் பற்றி இவர் தனக்குத் தெரிந்த ரயில்வேக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கட்டாயம் வருவார்.

சுதா


மேட்டுத்தெரு,
27.7.2025

அன்புள்ள சுதாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? ஆடி பிறந்து பத்து நாளாகிறது. வருகிறேன் என்றாய், வரவில்லை. ஜூனில் ஒரு கடிதம் போட்டேன், அதற்கும் பதில் இல்லை. கீதாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

இங்கே மழை இல்லை. சுவர் அப்படியே இருக்கிறது. ஒரு மாசத்தில் அழுக்காகும் என்று ஜெகன் சொன்னானே, ஆகவில்லை. கைபட ஆள் வேண்டுமே. எல்லம்மாளின் பேரப்பிள்ளைகள் முன்பெல்லாம் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும், இப்போது அனுப்புவதில்லை. உப்பு தீர்ந்தும் அவள் வரவில்லை. வேதகிரி தன் பேத்திக்குக் காது குத்தினான், எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நேற்று சுவரைத் தடவிப் பார்த்தேன், அடித்த அன்று இருந்த மாதிரியே வழுவழுவென்று இருக்கிறது.

சாயந்திரம் நிழல் நன்றாகத்தான் விழுகிறது. காக்கை உட்கார்ந்தாலும் தெரிகிறது. இந்த மூன்று மாதத்தில் வந்ததெல்லாம் காக்கையும் நானும்தான்.

அவரைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? ஒரு வரி எழுது.

அன்புடன்,
பாஞ்சாலி


நாக்பூர்,
12.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் ஆடிக்கு வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த கலர் நல்ல கலர். வெளிச்சமாக இருக்கும். உங்களுக்கு என்ன பிடிக்கிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். எல்லம்மாளிடம் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள் அண்ணி. பக்கத்தில் ஒரு மனுஷி இருப்பது நல்லது.

சுதா


மேட்டுத்தெரு,
30.8.2025

சுதாவுக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று.

நீ என்னோடு சண்டை போடாமல் ஒரு கடிதம் எழுதியதில்லை. கலர் நல்ல கலர் என்கிறாய். எல்லம்மாளிடம் போய்ப் பேசு என்கிறாய். விளக்குமாற்றை எடுத்திருப்பேன் என்று சொன்னவள்தானே நீ? உன் அண்ணனைப் பற்றி இந்த முறை ஒரு எழுத்தும் இல்லை. தெரியவில்லை என்றுகூட இல்லை.

கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு எழுந்து உலை வைத்தேன். எதுவாக இருந்தாலும் எழுது. என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் பாதி வார்த்தை சொல்லிவிட்டு, இவளுக்குக் கேட்கவா போகிறது என்று மீதியை விழுங்கிவிடுகிறார்கள். நீயும் அப்படிச் செய்யாதே. உன் எழுத்து ஒன்றுதான் எனக்கு முழுசாகக் கேட்கிறது.

அண்ணி


நாக்பூர்,
19.9.2025

அண்ணிக்கு,

உட்கார்ந்து படியுங்கள்.

ஜூன் கடைசியில் ஒரு ஆள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். செஞ்சிப் பக்கத்துக்காரர். சோலாப்பூரில் ஒரு ஓட்டலில் அண்ணனோடு சமையல் வேலை செய்தவராம். தங்கச்சி நாக்பூரில் இருக்கிறாள், மாப்பிள்ளை ரயில்வே என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஸ்டேஷனில் இவர் பெயரைச் சொல்லி விசாரித்து வந்திருக்கிறார். அண்ணனுடைய ஆதார் கார்டையும் வாட்சையும் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணன் போய்விட்டார் அண்ணி. இந்த வருஷம் சிவராத்திரிக்கு மறுநாள். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் ஓட்டல்காரர்களே எரித்துவிட்டார்கள். இவர் சோலாப்பூருக்குப் போய் விசாரித்து வந்தார். எல்லாம் உண்மைதான்.

வெளிர் நிறம் ஆகாது என்று நான்தான் எழுதினேன். இதைச் சொன்னால் கலர் அடித்ததால்தான் போனார் என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்வீர்களோ என்று பயந்தேன். ஆனால் ஜெகன் பிரஷ்ஷை எடுத்தபோதே அண்ணன் இல்லை. முடிவுகட்டிவிட்டீர்களா என்று நான் உங்களைக் கேட்டு எழுதியபோதும் இல்லை. ஆடியில் வந்து நேரில் சொல்லலாம் என்று டிக்கெட் எடுத்தோம். நீங்கள் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள், என் நிழல் விழும், நீங்கள் யாரென்று நினைத்துத் திரும்புவீர்கள் என்று யோசித்தேன். என்னால் வர முடியவில்லை.

"வூட்டுக்குப் போணும், அவ இன்னா சொல்வாளோ" என்று அண்ணன் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த ஆள் சொன்னார்.

சுதா


மேட்டுத்தெரு,
5.10.2025

அன்புள்ள சுதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதியது நல்லது. கலர் யாரையும் கொல்லாது, அதை நினைத்து நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கீதா தன் மாமனை நினைத்து அழுதாளா? சாப்பிடச் சொல்.

படித்துவிட்டு எல்லம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? அன்றைக்கு நீங்கள் அழுதது சரிதான், இப்போது மறுபடியும் வாருங்கள் என்றா? தெருவில் வீடு வீடாகப் போய் அப்படிச் சொல்லி அழைக்க முடியுமா சுதா? திரும்பி வந்துவிட்டேன். வேதகிரிக்கும் சொல்லவில்லை. அவனிடம் எந்த முகத்தோடு கோடி கேட்பேன்?

அவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். அவர் போய் ஒன்றரை மாசமாகியிருந்தது. அழ வேண்டிய வேளையில்தான் அழுதிருக்கிறார்கள், நான்தான் துரத்தினேன். எல்லம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு எவ்வளவு குலுங்கினாள் தெரியுமா? உன் அண்ணனுக்காக இந்த ஊரில் விழுந்த கண்ணீர் அவ்வளவுதான்.

இன்றைக்கும் குளித்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டேன். அழிக்கிறதென்றால் அதற்கு நாலு பேர் வேண்டும். நான் இன்னும் அழவில்லை. தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை. தனியாக உட்கார்ந்து எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. என் சத்தமே எனக்குக் கேட்பதில்லை, அழுகிறேனா இல்லையா என்று இன்னொருத்தி என்னைப் பிடித்துக்கொண்டு இருந்தால்தான் தெரியும்.

நீ வா. கீதாவையும் அழைத்து வா. எந்த நாள் என்று எழுது. அதுவரை யாரிடமும் சொல்லமாட்டேன். சுவரைப் பார்த்து உட்காரவும் மாட்டேன், பயப்படாதே. நீ வருகிற அன்று வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
பாஞ்சாலி